மூன்றாம் ஓலை

சத்தியதாஸை வியாழக்கிழமை அடக்கம் பண்ணினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவன் கோயிலுக்கு வந்துவிட்டான்.

எபனேசர்விளையில் அப்போது ஆடிக் காற்று. தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு வந்து வாசலில், சோற்றுப் பானையில், பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் என்று பார்த்த இடமெல்லாம் கொட்டிவிட்டுப் போகிற காற்று. திரித்துவ ஞாயிறு கழிந்து, பண்டிகை என்று ஒன்றும் இல்லாமல் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போகிற காலம் அது. தூய மத்தியா ஆலயத்தின் பலிபீடத்தில் பச்சை விரிப்பு போட்டிருந்தது. முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் மேற்கு வாசல் வழியாக அவன் உள்ளே வந்தான். காலில் செருப்பில்லை. பெட்டியில் வைக்கும்போது போட்டுவிட்ட புது வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆண்கள் பக்கம் மூன்றாவது தூணை ஒட்டிய பெஞ்சு வரைக்கும் நடந்து வந்து நின்றான். அந்த பெஞ்சில் இருந்தவர்கள் பாட்டை நிறுத்தாமலே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள், பிந்தி வருகிற யாருக்கும் விடுவதைப் போல.

பெண்கள் பக்கத்திலிருந்து எமிமாள் அதைப் பார்த்தாள். அவள் அவனுடைய மனைவி. அந்த வியாழக்கிழமையிலிருந்து விதவை. அவனைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயமுமல்ல. சட்டைக் காலருக்குள் கடைக்காரன் குத்தியிருந்த குண்டூசியை எடுத்தோமா, எடுக்காமலே போட்டுவிட்டோமா, அது இப்போது அவன் கழுத்தில் குத்திக்கொண்டிருக்குமா என்கிற கவலைதான் வந்தது. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. பாட்டுக்கு நின்றான், பாடத்துக்கு உட்கார்ந்தான், ஜெபத்துக்கு முழங்காலில் நின்றான். கடைசி ஆசீர்வாதத்துக்காக எல்லாரும் தலையைக் குனிந்து நிமிர்ந்தபோது அவன் இருந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. பெட்டிக்குள் தெளித்த ஓடிகொலோன் வாசம் மட்டும் அந்தத் தூணைச் சுற்றிக் கொஞ்சநேரம் நின்றது.

உயிரோடு இருந்த காலத்தில் சத்தியதாஸ் கோயிலுக்கு வருகிற ஆளே இல்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் வேலை. ஆந்திரா, சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகத் தண்ணீர் தேடிப் போகிற லாரி. கிறிஸ்மஸுக்கும், ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகைக்கும் மட்டும்தான் அவனை ஊருக்கு அனுப்பும். அந்த இரண்டு தடவையும் கோயிலுக்கு வருவான், பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் பீடி பற்றவைப்பான், ஆசீர்வாதத்துக்குச் சரியாக உள்ளே வந்துவிடுவான். எமிமாள் கல்யாணம் ஆனதிலிருந்து அவனுக்காகக் காத்திருந்த பெண். பிள்ளை இல்லை. பேருந்து நிறுத்தத்துப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டு, மாமியார் அன்னபாக்கியத்தோடு இருந்தாள். அவன் எங்கோ கூடாரத்தில் காய்ச்சல் கண்டு செத்து, ஆம்புலன்சில் வந்து இறங்கியபோதும், இந்தத் தடவை எத்தனை நாள் லீவு என்று கேட்கத்தான் அவள் வாய் திறந்தது.

திங்கட்கிழமை காலையில் சேகரத்துச் சபைகளின் குருவானவர் எலியேசர் ஐயரும் கமிட்டிச் செக்ரட்டரி பொன்னுத்துரையும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். மண் மூடினபடியே இருந்தது. மேலே போட்ட மாலைகள் காய்ந்து கிடந்தன. ஐயர் அந்தச் சேகரத்துக்கு வந்து வருஷம் ஆகவில்லை. கையிலிருந்த ஜெபப்புத்தகத்தைப் புரட்டினார். மழைக்கு ஜெபம் இருந்தது, மழை நிற்க ஜெபம் இருந்தது, கடலில் போகிறவர்களுக்கு, பிள்ளை பெற்றவர்களுக்கு, யுத்தத்தில் இருக்கிறவர்களுக்கு இருந்தது. இதற்கு இல்லை. புத்தகத்தை மூடிவிட்டார்.

கமிட்டி கூடியது. பொன்னுத்துரை எழுந்து சொன்னார்: "குடிச்சிட்டு வந்தா வெளிய அனுப்பலாம். சண்ட போட்டா வெளிய அனுப்பலாம். இவன் வந்து சும்மா இருக்கான். நிக்கச் சொன்னா நிக்கான், முட்டுப்போடச் சொன்னா முட்டுப்போடுதான். என்னத்தச் சொல்லி வெளிய அனுப்ப?" பிள்ளைகள் தலைமேல் கைவைக்கிற திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வரும்போது அவரிடம் கேட்டுக்கொள்ளலாம், அதுவரைக்கும் இருக்கட்டும் என்று முடிவு செய்து, டீ குடித்துக் கலைந்தார்கள்.

அப்படி இருந்ததில் அவன் வருவது பழகிவிட்டது. வாசலில் நின்று பாட்டுப் புத்தகம் கொடுக்கிறவர் அவனுக்கும் ஒன்று கொடுத்தார். முதல் வாரம் அம்மாக்களின் சேலைக்குள் ஒளிந்த பிள்ளைகள், பிறகு அவனுடைய பெஞ்சுக்கு அடியிலேயே ஊர்ந்து விளையாடினார்கள். வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழும்பாத ஆண்களைப் பெண்கள் ஏசினார்கள்: "செத்தவன் நேரத்துக்கு வந்து உக்காந்திருக்கான், உமக்கு என்ன கேடு?" அசனத்துக்குச் சோறு பொங்கி ஊரே உட்கார்ந்து சாப்பிட்டபோது அவனுக்கும் ஒரு இலை போடவேண்டுமா என்று கேள்வி வந்தது. போட்டார்கள். ஆனால் அவன் கோயில் வாசலைத் தாண்டி எங்கும் போவதில்லை, ஆராதனை நேரத்தைத் தாண்டி எப்போதும் இருப்பதில்லை. இலை அப்படியே இருந்து, காற்று வந்து அதில் மணலைக் கொட்டியது.

திருவிருந்து ஞாயிறுகளில்தான் ஐயருக்குச் சிக்கல். அவனும் மற்றவர்களோடு போய்ப் பலிபீடத்துக்கு முன்னாலிருக்கிற கம்பிவேலி அருகே முழங்காலில் நின்று கைகளைக் குவித்து நீட்டுவான். முதல் மாதம் ஐயர் அவனைத் தாண்டிப் போய்விட்டார்; அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் கொடுத்தார். அப்பம் அந்தக் கையில் இருந்தபடியே இருந்தது. அவன் மறைந்தபின் கம்பிவேலிக்குக் கீழே கிடந்ததை எடுத்து, மீந்ததை உட்கொள்ள வேண்டும் என்கிற முறைப்படி ஐயரே வாயில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் நடந்தது. அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

எமிமாளுக்கு என்ன செய்வது என்று எதிலும் தெரியவில்லை. அடக்கத்தன்று கழற்றின தாலியைத் திரும்பப் போடவேண்டுமா? அதைக் கேட்க ஐயரம்மாவிடம் போனாள். ஐயரம்மா நல்ல மனுஷி. யோசித்து, "ஞாயித்துக்கிழம மட்டும் போட்டுக்கோயேன்" என்றாள். பிறகு, "வேண்டாம், அது சரியா இருக்காது" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியல எமிமா. என்னைக் கேக்காத" என்றாள்.

அன்னபாக்கியத்துக்கு அந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. இரண்டாவது வாரமே ஆண்கள் பக்கம் போய் மகனுக்கு அருகில் உட்கார்ந்துகொண்டாள். கிழவியை யாரும் எழும்பச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னாள்: "கேட்டா பதில் இல்லளா. தொட்டா மரத்தத் தொட்ட மாதிரி இருக்கு. ஆனா அவன்தான். காதுல அந்தத் தழும்பு இருக்கு, பாத்தேன்." எமிமாளையும் கூப்பிட்டாள். எமிமாள் போகவில்லை. அவன் ஒரே ஒரு தடவை தன் பக்கம் திரும்பட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்தாள். சேலையை மாற்றி மாற்றி உடுத்திப் பார்த்தாள். நடுப்பாதையை ஒட்டி, அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அவன் சாய்க்கவில்லை. அவனோடு வாழ்ந்த வருஷங்களில் அவள் அவனைப் பார்த்ததைவிட இப்போது பார்த்ததுதான் அதிகம். ஒரு காது, ஒரு கன்னம், மடிப்புக் கலையாத ஒரு தோள்.

ஊரில் தங்கபுஷ்பம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் மகன் கடலுக்குப் போனவன். படகு மட்டும் கரை வந்தது. ஒருநாள் மத்தியானம், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மருந்துக்கடைக்கு வந்தாள்.

"எமிமா, நீ என்ன ஜெபம் பண்ணின?"

"எப்போ பெரியம்ம?"

"அவன் செத்ததும். ஏதோ ஒண்ணு சொல்லிக் கேட்டிருப்பல்லா. அத எனக்கும் சொல்லு. எம்புள்ள உள்ள வந்து உக்காரண்டாம். வாசல்ல வந்து நின்னாப் போதும்."

"நான் ஒண்ணுமே கேக்கல பெரியம்ம. கேக்கணும்னுகூடத் தோணல எனக்கு."

"கேக்காமயா குடுத்தாரு?"

"ஆமா."

தங்கபுஷ்பம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொல்ல மனசில்லேன்னா இல்லேன்னு சொல்லு" என்றாள். எமிமாள் வெளியே ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் உதறிவிட்டு வெயிலில் நடந்தாள். அதற்குப் பிறகு பேசவேயில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் மேற்கு வாசலைப் பார்த்து உட்காரும்படியான ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வெந்து வந்து பலிபீடம் ஊதாவானது. கிறிஸ்மஸ் வந்து வெள்ளையானது. பஜனை பாடிக்கொண்டு வந்தவர்கள் எமிமாளின் வீட்டு வாசலில் என்ன பாடுவது என்று தெரியாமல், துக்க வீட்டுக்கும் பொருந்தி சந்தோஷ வீட்டுக்கும் பொருந்துகிற பாட்டாக ஒன்றைத் தேடி, கடைசியில் மேளத்தை மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார்கள். தை மாதம் பேராயர் திடப்படுத்தலுக்கு வந்தார். அவனைப் பார்த்தார். அவன் முழங்காலில் நின்றபோது அவன் தலைமேலும் கையை வைத்தார். சாப்பாட்டின்போது கமிட்டியார் என்ன செய்வது என்று கேட்க, "அவரை யாரும் தொந்தரவு செய்யாதீங்க" என்று மட்டும் சொல்லி, காரில் ஏறிப் போய்விட்டார்.

சாம்பல் புதனுக்கு வந்தான். அவன் நெற்றியில் இட்ட சாம்பல் ஒட்டாமல் உதிர்ந்தது. குருத்தோலை ஞாயிற்றில் ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், பவனிக்கு வெளியே போகவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் மத்தியான வெயில் முழுக்க அவன் அங்கே இருந்தான். அத்தனை நீளமாக அவனை அவள் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தாகமாயிருக்கிறேன் என்கிற வார்த்தைக்குப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது, லாரியில் போகும்போது தண்ணீர்ப் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போய்விடுவானே என்று நினைத்து, அந்த வருஷத்தில் முதல்தடவையாக எமிமாள் வாய்விட்டு அழுதாள். சுற்றியிருந்தவர்கள் அவள் ஆண்டவருக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

உயிர்த்தெழுந்த பண்டிகையில் எலியேசர் ஐயரால் பிரசங்கம் பண்ண முடியவில்லை. கல்லறை திறந்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தார். எதிரே, மூன்றாவது தூணுக்கு அருகில், கல்லறை திறக்காமலே வந்தவன் உட்கார்ந்திருந்தான். எழும்பினவனும் இல்லை, போனவனும் இல்லை. ஐயர் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். அப்புறம், "அவர் உயிர்த்தெழுந்தார்" என்று மட்டும் சொன்னார். சபை சொல்லவேண்டிய பதிலைச் சொன்னது. அவர் இறங்கிவிட்டார்.

அந்தப் பண்டிகை கழிந்த வாரத்தில்தான் நீதிராஜன் பேசினான். பக்கத்து ஊரான நல்லம்மாள்குளத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க எமிமாளின் கடைக்கு வந்துகொண்டிருந்தான். அம்மா போனபிறகும் வந்தான். தலைவலி மாத்திரை கேட்பான். அன்றைக்கு மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

"வீட்ல இது ஒரு டப்பா நெறைய கெடக்கு" என்றான். "எனக்குத் தலவலியே கெடையாது."

எமிமாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவிய ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வாறாவ. தெரியும்லா உங்களுக்கு?"

"தெரியும். ஒருநாள் வந்து பாத்தேன்." அவன் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமய நான் கேக்கல. நீங்க அங்கயே வந்து அவியளப் பாத்துக்கிடுங்க. மத்த நாளுக்குத்தான் கேக்கேன்."

அவளுக்கு முப்பத்து நாலு வயது. ஒரு பிள்ளை வேண்டும் என்று இருந்தது. ராத்திரி விளக்கை அணைத்தபின் இருட்டில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று இருந்தது. இதையெல்லாம் அவள் மாமியாரிடம் எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிற்பாடு ஞாபகமில்லை. சொன்னதும் கிழவி கையிலிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"புருஷன் கண்ணு முன்னால உக்காந்திருக்கான்."

"என்னைப் பாக்க மாட்டேங்காவளே அத்தை."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல."

கிழவி கீரையை மறுபடி எடுத்து உருவ ஆரம்பித்தாள். "அவன் உசுரோட இருக்கையிலயும் ஒன்னைப் பாக்கத்தான் வந்தானா, எனக்குத் தெரியாது" என்றாள். "ஐயர்ட்டப் போய்க் கேளு. நான் சரின்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். என் வாயில வராது."

ஐயரிடம் போனாள். நீதிராஜனும் கூடப் போய் வராந்தாவில் நின்றான். மரணம் பிரிக்கிற வரைக்கும் என்றுதான் உறுதிமொழி. அந்த மரணம் நடந்ததற்கு ஐயரே சாட்சி, மூன்று கை மண்ணை அவரே போட்டார். ஆனால் பிரித்ததா? அதை அவர் யாரிடம் போய்க் கேட்பார்? "கல்யாண ஓலை வாசிப்போம்" என்றார் கடைசியில். "மூணு ஞாயிறு சபைக்கு முன்னால வாசிப்போம். தடை உண்டுன்னா சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும். அதுக்கு மேல எனக்கு வழி தெரியல எமிமாள்."

மறுபடியும் பச்சைக் காலம் வந்திருந்தது, மறுபடியும் காற்று. முதல் ஓலை அன்று உட்கார இடமில்லை. மற்ற ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். இரண்டாம் பாடம் வாசித்து முடிந்ததும் ஐயர் படித்தார்: நல்லம்மாள்குளம் சபையைச் சேர்ந்த நீதிராஜனுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த, விதவையாகிய எமிமாளுக்கும். விதவையாகிய என்ற வார்த்தையில் எல்லாத் தலைகளும் மூன்றாவது தூணைப் பார்த்துத் திரும்பின. இந்த இருவரும் விவாகத்தில் இணையக்கூடாத தடை எதையாவது அறிந்தவர்கள் இருந்தால் சொல்லவேண்டும் என்றார் ஐயர். காற்றாடிகள் சுற்றின. சத்தியதாஸ் பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஐயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேலே போனார். அடுத்த வாரமும் அதேபோல் ஆனது. அவன் அசையவில்லை. நீதிராஜன் மண்டபத்துக்குச் சொல்லி வைத்தான்.

மூன்றாம் ஓலை அன்று, ஐயர் கேட்கவேண்டியதைக் கேட்டு, முந்தின வாரங்களைவிட நெடுநேரம் பொறுத்திருந்து, போதும் என்று நினைத்துத் தாளை மடிக்கப்போன நேரத்தில் சத்தியதாஸ் எழுந்து நின்றான்.

பெஞ்சு கிரீச்சிட்ட சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, யாரோ வாயைப் பொத்தியதால் நின்றது.

"சத்தியதாஸ்" என்றார் ஐயர். "நீ தடை சொல்லுதியா?"

அவன் நின்றான்.

"சம்மதம்னு சொல்லுதியா?"

நின்றான். பொன்னுத்துரை எழுந்தார். "ஐயா, எந்திரிச்சா அது தடைதான்" என்றார். பின்னாலிருந்து இன்னொரு மூப்பர், "அது எப்படி? வாழ்த்துச் சொல்லவும் எந்திரிக்கலாம்லா?" என்றார். "செத்தவன் வாழ்த்துச் சொல்லுவானா?" "செத்தவன் தடை சொல்லுவானா?" குரல்கள் எழும்பின. அன்னபாக்கியம் மகனுடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருல, எய்யா, உக்காரு" என்று கெஞ்சினாள். ஐயர் மடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விடை தெரியாமல் நிறுத்தி வைத்த பிள்ளையைப் போல நின்றார்.

எமிமாள் எழுந்தாள். நடுப்பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் நடந்து போனாள். ஒரு வருஷமாகப் போகாத அந்தத் தூரம் நாலு எட்டு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கும் பலிபீடத்துக்கும் நடுவில், அவன் பார்வை விழுகிற இடத்தில் போய் நின்று முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

அவன் கண்கள் அவள்மேல் விழுந்தன, நிற்கவில்லை. கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வெளியே பார்க்கிறவன் ஜன்னலைப் பார்க்காததைப் போல அவளைத் தாண்டிப் போயின. கோபமில்லை. ஆசையில்லை. ஞாபகமில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. சத்தமில்லாமல், எந்த வார்த்தையாகவும் சேராமல், சும்மா மேலும் கீழும். அந்த அசைவைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்தன்று இதே கோயிலில் பக்கத்தில் நிற்கையில், சபையார் எழுந்து நின்று சேர்ந்து சொல்கிற விசுவாசப் பிரமாணத்தின் நேரம் வந்தபோது அவன் அவள் காதுக்குக் குனிந்து, "எனக்கு மனப்பாடமா வராதுளா, நீ சத்தமாச் சொல்லு, நான் வாயசைக்கேன்" என்று சொல்லி வாயை அசைத்தான். இப்படித்தான் அசைத்தான்.

இரண்டாம் பாடம் முடிந்தால் அடுத்தது அதுதான். வழக்கமான நேரம் கடந்துவிட்டது. ஓலையும் காத்திருப்புமாக இவர்கள்தான் பிந்திக்கொண்டிருந்தார்கள். அவன் நேரத்துக்கு எழுந்துவிட்டான்.

அவன் தடை சொல்ல எழும்பவில்லை. சம்மதம் சொல்லவும் எழும்பவில்லை. அவளுக்காக அவன் எழும்பவேயில்லை. எந்த ஞாயிறும் அவளுக்காக வரவில்லை. என்னத்துக்காக வருகிறான் என்பதும் தெரியப்போவதில்லை. ஒரு வருஷமாக உடுத்தின சேலைகளெல்லாம் அவள் நினைவில் வரிசையாக வந்து போயின. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா" என்றாள். "அவிய விசுவாசப் பிரமாணத்துக்கு எந்திரிச்சிருக்காவ. வேற ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க."

ஐயர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு கிழக்கே திரும்பி ஆரம்பித்தார். சபை முழுக்க எழுந்து நின்று சேர்ந்து சொன்னது. எமிமாள் அவன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் சத்தமாகச் சொன்னாள். அவன் வாயசைத்தான்.

ஆராதனைக்குப் பின் பொன்னுத்துரை ஐயரோடு நெடுநேரம் வாதாடினார். ஐயர் எல்லாவற்றையும் கேட்டார். "தடைன்னு யாரும் வாயால சொல்லல" என்றார். "எனக்கு நிச்சயமாத் தெரியாது, பொன்னுத்துரை. தப்பாகூட இருக்கலாம். ஆனா அந்தப் பிள்ளைய நான் இன்னும் எத்தன ஞாயிறு அங்கன உக்கார வைக்க?"

கல்யாணம் ஒரு புதன்கிழமை நடந்தது. சத்தியதாஸ் அதற்கும் வந்தான். மணி அடித்து ஆராதனை நடந்தால் வருகிறவன்தானே. எமிமாள் அவனைத் தாண்டித்தான் பலிபீடத்துக்கு நடக்கவேண்டியிருந்தது. தாண்டினாள். அன்னபாக்கியம் மகனுக்கு அருகில் மடியில் கைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உறுதிமொழியில் மரணம் என்ற இடம் வந்ததும் ஐயர் நிறுத்திவிட்டார். எமிமாளுக்கு அந்த வாசகம் தெரியும், ஒருமுறை சொன்னதுதான். அவர் சொல்லிக்கொடுக்கக் காத்திராமல் அவளே சொல்லி முடித்தாள், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே. ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்து நிமிர்ந்தபோது பெஞ்சில் கிழவி மட்டும் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நீதிராஜன் சொல்லியிருந்தான், அவன் வார்த்தை மாறவும் இல்லை. ஆனால் எமிமாள் போகவில்லை. நல்லம்மாள்குளத்துக் கோயிலில் கணவனோடு போய், பெண்கள் பக்கம் உட்கார்ந்து, முன்னால் இருக்கிறவளின் கொண்டையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருவாள். மத்தியானம் சமையல் நடக்கும்போது போன் அடிக்கும். அன்னபாக்கியம். "இன்னைக்கும் வந்தான்ளா" என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். எமிமாளும், "சாப்பிட்டீங்களா அத்தை?" என்பதைத் தவிர வேறு கேட்கமாட்டாள். வயிற்றில் பிள்ளை தங்கின மாதத்திலும் அப்படியே. பிள்ளை வயிற்றுக்குள் உதைக்க ஆரம்பித்த மாதத்திலும் அப்படியே.

அட்வெந்து வந்து பலிபீடம் மறுபடியும் ஊதாவான ஞாயிற்றில் போன் அடிக்கவில்லை. குழம்பு கொதித்து இறங்கியது. சோறு ஆறியது. எமிமாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள்.

"நீயே போட்டுக் கேளேன்" என்றான் நீதிராஜன்.

அவளால் முடியவில்லை. சத்தியதாஸ் வராமல் போயிருப்பானா, கிழவிக்கு ஏதும் ஆகியிருக்குமா, இரண்டில் எதைக் கேட்கத் தனக்குத் திராணி இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் நீதிராஜனே எண்ணைப் போட்டு அவள் காதில் வைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று நினைத்தபோது எடுத்தாள் அன்னபாக்கியம்.

"என்ன அத்தை, போனைக் காணும்?"

"காய்ச்சல்ளா. ரெண்டு நாளா எந்திரிக்க முடியல. கோயிலுக்குப் போகல."

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன், போட்டேன்." கிழவி இருமினாள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவன் வந்தான்."

"நீங்கதான் போகலியே அத்தை. யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? வராம எங்களா போவான் அவன்?"

எமிமாள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்ட, "ம்" என்றாள். அந்தப் பக்கம் கிழவி போனை வைக்காமல் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இவளும் வைக்கவில்லை.